காய்ச்சலோடு வருபவரின் தோலையும் பாருங்கள்: முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காய்ச்சல் என்று வருபவரை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

பூச்சிகளாலும் உண்ணிகளாலும் பரவும் காய்ச்சல்களின் பெயர்களும் கிருமிகளும் மருந்துகளும் உங்களுக்குத் தெரியும். அவற்றைத் திரும்பப் படிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சலோடு உங்கள் முன் உட்கார்ந்த ஒருவர், ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார் என்றால், இடையில் வழி தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். “ஏதாவது பூச்சி கடித்ததா?” என்று கேட்கிறோம். “இல்லை” என்கிறார். சீட்டில் “பூச்சிக்கடி இல்லை” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்த “இல்லை”யை நம்பி நோயைக் கழித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நோயாளி பொய் சொல்வதில்லை. அவருக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். ஸ்கிரப் டைபஸையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அதற்கு “உண்ணிக் காய்ச்சல்” என்று பெயர் பரவிவிட்டது. அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். உண்ணி என்றதும் மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், பயறு போல உப்பிய பூச்சிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். “அப்படி எதுவும் என் மேல் ஒட்டவில்லையே” என்று நோயாளி உறுதியாகச் சொல்வார். அவர் சொல்வது சரி. இந்த நோயைத் தருவது ஒரு சிற்றுண்ணியின் புழுப்பருவம். அதன் நீளம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். ஆறு கால்கள் கொண்ட அந்தப் புள்ளியை வெறுங்கண்ணால் பார்ப்பதே கடினம். புல் நுனியிலும் சருகின் மேலும் கூட்டமாகக் காத்திருந்து, உரசிச் செல்லும் எலியின் மீதோ மனிதரின் மீதோ ஏறிக்கொள்ளும். ஆடை இறுகும் இடமாகவோ தோல் மென்மையான மடிப்பாகவோ தேடி ஒட்டி, இரண்டு முதல் நான்கு நாள், சில சமயம் அதற்கு மேலும், திசு நீரை உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். இரத்தம் குடிப்பதில்லை, கடித்த இடம் வலிப்பதில்லை. காய்ச்சல் தொடங்குவதோ 6 முதல் 21 நாள் கழித்து, பெரும்பாலும் 10, 12 நாளில். ஒட்டியது தெரியாது, உதிர்ந்ததும் தெரியாது. இவரிடம் போய்க் கடித்ததா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

மற்றவையும் இப்படித்தான். உடல் பேனால் பரவும் டைபஸில் கிருமி வருவது பேனின் கடிவாய் வழியாக அல்ல. அதன் எச்சத்தில் இருக்கும் கிருமி, அரிப்பில் சொறியும்போது தோலின் கீறலுக்குள் போகிறது. எலித் தெள்ளுப்பூச்சியால் வரும் டைபஸும் அதே வழிதான். விட்டு விட்டுத் திரும்பும் மறுகாய்ச்சலைப் பரப்பும் மென்னுடல் உண்ணி, தூங்குபவர் மீது இரவில் ஏறி, அரை மணி நேரத்துக்குள் குடித்து முடித்துச் சுவர் விரிசலுக்குத் திரும்பிவிடும். லைம் நோயைத் தருவது பெரும்பாலும் உண்ணியின் இளம்பருவம். அது கசகசா விதையளவுதான் இருக்கும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், ஆனால் ஒரு வாரத்துக்கு முந்தைய கொசுக்கடியை யார் நினைவில் வைத்திருப்பார்?

மருத்துவ உலகத்துக்கே இது புரிய நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவின் டெக்சாஸ் கால்நடைக் காய்ச்சலுக்கு உண்ணிதான் காரணம் என்று மாடு மேய்த்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893ல் சோதனையில் நிறுவினார்கள். கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது என்று 1881லேயே கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே சொன்னார். வால்டர் ரீட் குழு அதை உறுதிசெய்ய 1900 ஆகிவிட்டது. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்ட் 20 அன்று.

எங்களுக்கு இவற்றில் மிகவும் பயன்படுவது சார்லஸ் நிகோல் துனிஸ் நகரத்தில் கவனித்த ஒரு சின்ன விஷயம். டைபஸ் நோயாளிகள் ஊருக்குள் நோயைப் பரப்பினார்கள். மருத்துவமனை வாசலில் அவர்களின் துணிகளை வாங்கி வைத்தவர்களுக்கும் துவைத்தவர்களுக்கும் நோய் வந்தது. ஆனால் குளிப்பாட்டி, உடை மாற்றி, வார்டுக்குள் படுக்க வைத்த பிறகு அவர்களிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை. அப்படியானால் நோயைச் சுமப்பது வாசலில் கழற்றப்பட்ட துணியில் இருக்கும் ஏதோ ஒன்றுதான். 1909ல் அது பேன் என்று குரங்குகளில் சோதித்துக் காட்டினார், 1928ல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளி எதுவும் சொல்லாமலே நோயின் வழி கண்டுபிடிக்கப்பட்டது, துணியையும் உடலையும் பார்த்ததால். இந்தத் தேடலில் உயிர்விட்டவர்களும் உண்டு. ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று 1906ல் காட்டிய ஹோவார்டு ரிக்கட்ஸ், 1910ல் மெக்சிகோவில் டைபஸை ஆராயும்போது அதே நோய்க்குப் பலியானார். 1915ல் புரோவாசெக்கும் அப்படியே. பேன் டைபஸ் கிருமியின் பெயரில் இருவரும் இருக்கிறார்கள்: ரிக்கட்சியா புரோவாசெக்கி.

சரி, தோலைப் பார்ப்பது எப்படி?

ஸ்கிரப் டைபஸில் சிற்றுண்ணி ஒட்டிய இடத்தில் முதலில் சிறு பரு தோன்றும். பின் அது புண்ணாகி, நடுவில் கருத்த பொருக்கு படியும். சுற்றிலும் மெல்லிய சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்டது போல இருக்கும் என்பார்கள், ஒப்புமை சரிதான். இதைத்தான் எஸ்கார் என்கிறோம். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளியாகக் காட்ட மாட்டார், பல சமயம் அவருக்கே தெரியாது. காய்ச்சல் தொடங்கும்போதே அது உடலில் இருக்கும் என்பதுதான் முக்கியம். எந்தப் பரிசோதனை முடிவுக்கும் முந்திக் கிடைக்கும் சான்று இது ஒன்றே.

நல்ல வெளிச்சம் வேண்டும், கைவிளக்கு இருந்தால் மேல். மறைப்புக்குள், எதற்காகப் பார்க்கிறோம் என்று சொல்லி, பெண்களுக்கு ஒரு பெண் செவிலியர் உடனிருக்க, ஆடையை விலக்கிப் பார்க்க வேண்டும். உச்சந்தலை மயிரைப் பிரித்துத் தொடங்குங்கள். காதின் பின்புறம், கழுத்து, கையை உயர்த்தி அக்குள், மார்பகங்களைத் தூக்கி அடிப்புறம், தொப்புள், இடுப்பில் ஆடை இறுகும் கோடு, தொடை இடுக்கு, விதைப்பை, பிறப்புறுப்பைச் சுற்றி, புட்டங்களின் பிளவு, முழங்காலின் பின்மடிப்பு என்று வரிசையாக இறங்கினால் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது. தவறுவது பெரும்பாலும் மார்பகத்தின் அடியிலும் இடுப்புக்குக் கீழேயும்தான். கூச்சத்தால் நாம் பார்க்காமல் விடும் இடங்களைத்தான் சிற்றுண்ணி தேர்ந்தெடுக்கிறது.

இன்னொன்று. வியர்வை தேங்கும் மடிப்புகளில் கருத்த பொருக்கு உருவாகாமலே போகலாம். அங்கே மஞ்சளோ வெள்ளையோ படிந்த ஆழமற்ற புண்ணாகத்தான் தெரியும். கருநிறத்தை மட்டுமே தேடும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். கருநிறத் தோலில் சிவந்த வளையமும் எடுப்பாகத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால் ஓரம் சற்றுத் தடித்திருப்பது தட்டுப்படும்.

நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் குறுக்குவழி. ஒரு தொடை இடுக்கில் மட்டும் நெறி வீங்கித் தொட்டால் வலித்தால், அந்தக் கால், அந்தப் பக்கத்துப் புட்டம், பிறப்புறுப்பு எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். அக்குளில் என்றால் அந்தக் கை, மார்பு, முதுகின் மேல்பகுதி. நெறியிலிருந்து பின்னோக்கிப் போனால் புண் பல சமயம் அகப்பட்டுவிடும்.

எஸ்கார் இல்லையென்றால் நோய் இல்லை என்று ஆகாது. சில ஆய்வுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவும், சிலவற்றில் பத்தில் ஒன்பது பேருக்கு மேலும் அது கண்டறியப்பட்டிருக்கிறது. கிருமியின் வகை, நோயாளியின் தோல் இவற்றோடு, தேடிய விதமும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து.

தடிப்புகளும் தகவல் சொல்லும், எங்கே தொடங்கின என்று கேட்டால். பேன் டைபஸில் தடிப்பு மார்பிலும் வயிற்றிலும் தொடங்கிக் கை கால்களுக்குப் பரவும், முகத்தையும் உள்ளங்கை உள்ளங்காலையும் பெரும்பாலும் விட்டுவிடும். உண்ணி தரும் புள்ளிக்காய்ச்சல்களில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தொடங்கி உடலின் நடுவை நோக்கி வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இறங்கும். காய்ச்சலோடு உள்ளங்கையில் புள்ளிகள் என்றால் அன்றே முடிவெடுக்க வேண்டும். லைம் நோயில் கடித்த இடத்தைச் சுற்றி மூன்று நாள் முதல் ஒரு மாதத்துக்குள் ஒரு சிவந்த வட்டம் விரிந்துகொண்டே போகும், ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டும். வலியில்லாததால் அதுவும் முதுகிலோ முழங்காலின் பின்னோ கவனிக்கப்படாமல் கிடக்கும்.

கேள்வியையும் மாற்ற வேண்டும். கடித்ததா என்பதற்குப் பதிலாக, கடந்த மூன்று வாரத்தில் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். புதர், வயல் வரப்பு, காட்டோரம், புல்தரையில் உட்கார்ந்தாரா, படுத்தாரா, விறகு பொறுக்கினாரா, புல் அறுத்தாரா? எங்கே தூங்கினார், யாருடைய துணியை உடுத்தினார், எலி நடமாட்டம் உண்டா? மாடு, ஆடு, நாயின் உண்ணியைப் பிடுங்கி நசுக்கினாரா? கால்நடையை அறுத்த இடத்தில் வேலை செய்தாரா? சுற்றுவட்டாரத்தில் குரங்குகள் செத்து விழுந்தனவா? மலேரியாவுக்கு மட்டும் இந்த மூன்று வாரம் போதாது. வைவாக்ஸ் வகை ஈரலில் உறங்கிக் கிடந்து பல மாதம் கழித்தும் எழும்பும் என்பதால், பயணக் கேள்வியை ஒரு வருடம் பின்னோக்கிக் கேட்க வேண்டும்.

அடுத்து, பரிசோதனைத் தாள். இங்கேதான் கவனமுள்ள மருத்துவர்களும் ஏமாறுகிறார்கள். ஸ்கிரப் டைபஸின் ஐஜிஎம் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்த்து உடல் முதலில் உருவாக்கும் புரதம்) முதல் வாரத்தின் கடைசியில்தான் போதிய அளவுக்கு ஏறும். மூன்றாம் நாள் அதைத் தேடி எடுத்த எலைசா சோதனை “இல்லை” என்று வந்தால், அந்த “இல்லை”க்கும் நோயாளி சொன்ன “இல்லை”க்கும் மதிப்பு ஒன்றுதான். டைபஸ் வகை நோய்களுக்கான வெயில்–ஃபெலிக்ஸ் சோதனை 1916ல் வந்தது. ரிக்கட்சியாவோடு எந்த உறவும் இல்லாத புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவோடு நோயாளியின் சீரம் தற்செயலாக ஒட்டித் திரள்வதை அடிப்படையாகக் கொண்டது. நோயுள்ள பலரை அது தவறவிடும், நோயில்லாத சிலரைக் காட்டும். வேறு வழியில்லாத இடத்தில் பயன்படுத்தலாம், ஆனால் அது “இல்லை” என்றதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. பொருக்கு கிடைத்தால் அதிலிருந்தே கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்யலாம், முதல் வாரத்திலேயே விடை கிடைக்கும்.

தட்டணுக்கள் குறைந்ததும் டெங்கு என்று முத்திரை குத்துவது அடுத்த பெரிய பொறி. ஸ்கிரப் டைபஸிலும் தட்டணுக்கள் குறையும், ஈரல் நொதிகள் ஏறும். டெங்குவின் ஐஜிஎம் தவறாக நேர்மறை காட்டவும் வாய்ப்புண்டு. டெங்கு என்று திரவம் மட்டும் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தால், அந்த மூன்று நாளும் ஸ்கிரப் டைபஸைத் தரும் ஓரியன்ஷியா கிருமிக்குக் கிடைத்த அவகாசம். வெள்ளணு எண்ணிக்கையைப் பாருங்கள்: டெங்குவில் பெரும்பாலும் குறையும், ஸ்கிரப் டைபஸில் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும். நாளையும் எண்ணுங்கள். டெங்குக் காய்ச்சல் ஏழு நாளுக்குள் இறங்கிவிடும். எட்டாம் நாளும் கொதிக்கிறது என்றால் வேறு எதையாவது தேட வேண்டும். டெங்குவில் ஆபத்து தொடங்குவதோ காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடப்பது, தட்டணு இறங்க இறங்க ஹீமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் “காய்ச்சல் விட்டுவிட்டது” என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மலேரியாவுக்கு ஒரு முறை இரத்தத் தடவல் பார்த்து இல்லை என்றால் போதாது, 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும். மறுகாய்ச்சலுக்குத் தடவலை உடல் கொதிக்கும்போது எடுக்க வேண்டும். காய்ச்சல் விட்ட நாட்களில் எடுத்தால் சுருள் கிருமி கண்ணில் படாது. ஓபர்மையர் பெர்லினில் 1868ல் அதை முதலில் கண்டதும் கொதிக்கும் இரத்தத்தில்தான்.

மருந்துக்கு வருவோம். ஸ்கிரப் டைபஸ், புள்ளிக்காய்ச்சல், பேன் டைபஸ், தெள்ளு டைபஸ் எல்லாவற்றுக்கும் முதல் மருந்து டாக்சிசைக்ளின். பெரியவர்களுக்கு 100 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாள். 45 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 2.2 மி.கி. வீதம் இரண்டு வேளை. பல் கறைபடும் என்ற பழைய அச்சத்தில் குழந்தைகளுக்குத் தர இன்னும் பலர் தயங்குகிறார்கள். அந்த அச்சம் பழைய டெட்ராசைக்ளின்களிலிருந்து வந்தது. டாக்சிசைக்ளினைக் குறுகிய காலம் கொடுப்பதால் பல்லில் கறை காணப்படவில்லை, எட்டு வயதுக்குக் கீழேயும் தரலாம் என்பதே இன்றைய நிலைப்பாடு. கர்ப்பிணிகளுக்கு ஸ்கிரப் டைபஸ் என்றால் அசித்ரோமைசின். நுரையீரல், மூளை, சிறுநீரகம் பாதித்த கடுமையான ஸ்கிரப் டைபஸில் இரண்டு மருந்தையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியே கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று இந்தியாவில் ஏழு மையங்களில் நடந்த ஆய்வு 2023ல் காட்டியது.

மாத்திரையை ஒரு முழுக் குவளை தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். நெஞ்செரிச்சல் மருந்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் அதே வேளையில் தர வேண்டாம், மருந்து உறிஞ்சப்படாமல் போகும். செஃப்ட்ரியாக்சோனும் அமாக்சிசிலினும் இந்தக் கிருமிகளிடம் எடுபடாது. செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமியிடம் அவை தோற்றுவிடும். “ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை” என்ற வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் எந்த ஊசி என்று கேளுங்கள். டாக்சிசைக்ளின் தொடங்கியவருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காவிட்டால் நோயை மறுபடி யோசிக்க வேண்டும்.

சந்தேகம் வந்த அன்றே மருந்தைத் தொடங்குங்கள், முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சலில் ஐந்தாம் நாளுக்குள் மருந்து விழுவதும் அதற்குப் பிறகு விழுவதும் உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி. மருந்தில்லாத காலத்தில் அந்த நோய் வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். ஸ்கிரப் டைபஸுக்கு முதல் சரியான மருந்தாகக் குளோரம்ஃபெனிக்காலை ஸ்மேடலும் உட்வார்டும் கோலாலம்பூரில் சோதித்தது 1948ல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இரண்டாம் உலகப் போரில், பர்மாக் காடுகளில் இதே நோய் வந்த வீரர்களுக்குப் பணிவிடை தவிர வேறொன்றும் இல்லை. இன்று மருந்து கையில் இருக்கிறது.

மறுகாய்ச்சலுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. முதல் வேளை மருந்து உள்ளே போன சில மணி நேரத்தில் நடுக்கமும் உச்சக் காய்ச்சலும் வந்து இரத்த அழுத்தம் சரியலாம். கிருமிகள் கூட்டமாக மடிவதால் வருவது அது. மருந்து ஒவ்வாமை என்று நிறுத்திவிடாமல், முதல் வேளையைக் கண்காணிப்பில் கொடுங்கள்.

டாக்சிசைக்ளினுக்கு அடங்காத உண்ணிக் காய்ச்சல்களும் உண்டு, அவை வைரஸால் வருபவை. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் 1957ல் குரங்குகள் செத்து விழுந்தபோது அடையாளம் காணப்பட்ட கியாசனூர் காட்டு நோய் ஒன்று. திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி, சிலருக்கு இரத்தக்கசிவு. விட்டுப்போனது என்று நினைத்த காய்ச்சல் ஒன்றிரண்டு வாரத்தில் கை நடுக்கத்தோடும் கழுத்து விறைப்போடும் திரும்புவதுண்டு. கிரைமிய–காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் இன்னொன்று. உண்ணியிடமிருந்தும், அறுத்த கால்நடையின் இரத்தத்திலிருந்தும், நோயாளியின் இரத்தத்திலிருந்தும் தொற்றும். கடைசி வழி உங்களுக்கானது. கால்நடையோடு தொடர்பும் இரத்தக்கசிவும் சேர்ந்து வந்தால், ஊசி குத்தும் முன்பே கையுறை, முகக்கவசம், கண்ணாடி, மேலங்கி அணிந்து, நோயாளியைத் தனியறைக்கு மாற்றுங்கள். இவர்களுக்கும் டெங்கு சந்தேகம் உள்ளவர்களுக்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளும் தசை ஊசியும் வேண்டாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும்.

உண்ணி ஒட்டிய நிலையிலேயே ஒருவர் வந்தால், மெல்லிய நுனி இடுக்கியால் தோலை ஒட்டியே அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல், நேராக, சீராக மேலே இழுங்கள். வயிற்றைப் பிடித்து அழுத்தினால் உள்ளிருப்பது நோயாளிக்குள் போகும். எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் கூடாது. எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உடனே திரும்பி வரச் சொல்லி அனுப்புங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒரு வரி மாற்றம். காய்ச்சல் சீட்டில் “பூச்சிக்கடி: ஆம் / இல்லை” என்று இருக்கும் வரியை அடித்துவிட்டு, “தோல் முழுவதும் பார்க்கப்பட்டது: ஆம் / இல்லை. பார்த்தவர்: ______” என்று மாற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
காய்ச்சல் நோய்களோடு நாளும் பழகும் சிலர்